கழுவி வந்த விளைமீன்

மெழுகுத் தட்டில் கிடந்த எங்கள் மீன் மஞ்சள் நிறமாக இருந்தது.

மற்ற மேசைகளில் மீன்கள் மீனின் நிறத்தில்தான் கிடந்தன. ஒரு மேசையில் சூடை, இன்னொன்றில் கீளி, ஜன்னலோரத்தில் எவரோ சந்தையில் கெஞ்சி வாங்கிய, கண் சிவந்த பாரைக் குஞ்சு. எங்கள் தட்டில் ஒரு முழு விளைமீன். அதன் உடம்பில் ஒரு செதிலும் இல்லை. இரண்டு பக்கமும் அளவாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, வயிற்றைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை கழுவியிருந்தது. செவுளையும் காணவில்லை. தலையை மட்டும் மரியாதைக்கு விட்டிருந்தார்கள்.

கரும்பலகையில் அன்றைய செய்முறையின் தலைப்பு இருந்தது: மீனின் உள்ளுறுப்புகளை அவதானித்தல்.

பின்வாங்கில் தொடங்கிய சிரிப்பு எங்கள் மேசைக்கு வந்து சேரக் கனநேரம் எடுக்கவில்லை. "ரீச்சர், இவையின்ரை மீனைப் பொரிக்கிறதோ, குழம்பு வைக்கிறதோ?" என்று ஒருவன் கேட்டான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தவள் என் பக்கத்தில் நின்ற டிலக்சி மட்டும்தான். மீன் அவள் கொண்டு வந்தது.

"ரீச்சர் மீன் கொண்டரச் சொன்னவ எண்டுதான் அம்மாட்டைச் சொன்னனான்," என்றாள் மெல்ல. "விடிய எழும்பிப் பாக்க இப்பிடிக் கிடந்தது."

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினால் நான் பகிடியாகவே எழுதுகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். இதுவும் பகிடியில்தான் தொடங்குகிறது. ஆனால் டிலக்சி பள்ளிக்கூடத்தில் கடைசியாகச் செய்த வேலை அந்த மீனைப் பற்றிய அறிக்கைதான். உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரம் அது. அவளுடைய படிப்பு அந்த மஞ்சள் மீனோடு நின்றது. அதனால் எனக்கு இப்போது அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வருவதில்லை.

மண்ணெண்ணெய்க் காலம்

எந்த வருடம் என்று எழுதத் தேவையில்லை. கலனைத் தூக்கிக்கொண்டு ஊரே தெருவில் நின்ற காலம் என்றால் இலங்கையில் எவருக்கும் விளங்கும். பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. எங்கள் பக்கத்துக்கு மண்ணெண்ணெய்தான் உயிர், வள்ளத்து எஞ்சின் குடிப்பது அதைத்தான். அது இல்லாமல் பள்ளிமுனைக் கரையில் வள்ளங்கள் காய்ந்துகொண்டு கிடந்தன. கழுதைகள் வந்து அவற்றின் நிழலில் படுத்துக்கொண்டன. மன்னார்க் கழுதைகளுக்கு அது நல்ல வருடம்.

மன்னார்த் தீவுக்குள் இருந்துகொண்டு மீன் இல்லை என்று சொன்னால் கொழும்பில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் பல நாள் பருப்பும் சோறும், சில நாள் பருப்பில்லாத சோறும். டிலக்சியின் அப்பா கரையை ஒட்டித் தண்டு வலித்துப் போய் வலை போட்டு வருவார். எஞ்சினை அவர் அதற்கு முன்னமே விற்றிருந்தார். எண்ணெய் இல்லாத நேரத்தில் எஞ்சின் எதற்கு என்று நாங்கள் நினைத்தோம். அவர் வலையில் விழுவது வீட்டுச் சட்டிக்கே காணாது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் ஒரு முழு விளைமீன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. அதை யோசிக்கிற புத்தி அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

டிலக்சியின் அம்மா ரீத்தா அன்ரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மீன் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சொந்தக்காரருக்கு என்றால் அப்படியே கொடுக்கலாம், அவர்கள் தங்கள் கிணற்றடியில் வைத்து வெட்டிக்கொள்வார்கள். பங்குச் சுவாமிக்கு, டொக்டருக்கு, ரீச்சருக்கு என்றால் கழுவித்தான் கொடுக்க வேண்டும். மதிப்பான ஆளுக்குக் குடலோடு மீன் கொடுத்தால் அது அவர்களை வேலைக்கு வைப்பது போல. மீனின் குடலைப் பார்ப்பதற்கென்றே மீன் கேட்கும் மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று கடற்கரையில் பிறந்த எந்தப் பெண் நினைப்பாள்?

அதோடு எங்கள் உயிரியல் ஆசிரியை யோகராணி ரீச்சர் நானாட்டானில் இருந்து வருபவர். வயலும் குளமும் உள்ள இடம், கடல் இல்லை. பஸ் ஓடாத நாட்களில் உழவு இயந்திரப் பெட்டியிலும் லொறியின் முன் இருக்கையிலும் ஏறி வந்து படிப்பித்தார். வீட்டுக்குப் போய்ச் சேரப் பொழுது பட்டுவிடும், மின்சாரமும் இராது. அந்த மனிசி எப்போது போய் எப்போது வெட்டிக் கழுவுவார் என்று ரீத்தா அன்ரி யோசித்திருக்கிறார். கீறலுக்குள்ளும் மஞ்சள் பூசியிருந்தது, வழியில் பழுதாகாமல் இருக்க.

போத்தலுக்குள் இருந்த தவளை

ஆய்வுகூடம் என்று நான் எழுதுவதைப் படித்துவிட்டு எவரும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கூரையும் சீமெந்து மேசைகளும் தண்ணீர் வராத குழாய்களும் உள்ள ஒரு நீள அறை அது. அலுமாரியில் போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒரு போத்தலில் தவளை, ஒன்றில் நாடாப்புழு, ஒன்றில் பிறக்காத சுறாக்குட்டி. தவளையின் பெயர்ச்சீட்டு எப்போதோ விழுந்துவிட்டது. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தபோது அந்தத் தவளையும் இடம்பெயர்ந்து திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். கை இரண்டையும் தூக்கியபடி அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டிலக்சிக்கு அந்த அலுமாரி என்றால் கோயில் மாதிரி. இடைவேளையில் நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போனால் அவள் பென்சிலோடு சுறாக்குட்டியின் முன்னால் நிற்பாள். அவள் கீறினால் படம் அச்சில் வந்தது போல இருக்கும். நிழல் போட மாட்டாள், புள்ளி புள்ளியாக வைத்தே இருட்டைக் கொண்டுவருவாள். கம்பசுக்குப் போய் மீனைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "மீனைப் படிக்க ஏன் பிள்ளை கம்பஸ்? என்னோடை வள்ளத்திலை வா, காசில்லாமல் படிப்பிக்கிறன்," என்று அவளுடைய அப்பா பகிடி பண்ணுவார். பகிடி பண்ணினாலும் பென்சில் தேய்ந்தால் வாங்கிக் கொடுப்பவர் அவர்தான்.

எனக்குப் படம் வராது, எழுத்து வரும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசை. அவள் கீறுவாள், நான் எழுதுவேன், ரீச்சர் தரும் புள்ளியை இருவரும் பங்கு போடுவோம். சில கலியாணங்கள்கூட இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

கண்டதை எழுதுங்கோ

யோகராணி ரீச்சர் எங்கள் மேசைக்கு வந்து மீனை நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஆர் கழுவினது?"

"அம்மா, ரீச்சர்."

"வடிவாக் கழுவியிருக்கிறா," என்றார். பிறகு கேட்டார், "வேறை மேசையோடை சேரப்போறியளோ, இதையே எழுதப்போறியளோ?"

நான் மேசைக்குக் கீழே டிலக்சியின் கையைக் கிள்ளினேன். வேறு மேசை என்று சொல் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவளுக்கு அது விளங்கியது என்று எனக்குத் தெரியும்.

"இதையே எழுதுறம், ரீச்சர்."

"அப்ப கண்டதை எழுதுங்கோ. காணாததைக் கண்டதெண்டு எழுதினால் புள்ளியை வெட்டுவன்."

ரீச்சரின் சட்டம் அது ஒன்றுதான். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துக் கீறி, தட்டில் கண்டதாக எழுதுவது ஊரெல்லாம் உள்ள பழக்கம். அவருக்கு அது பிடிக்காது. அவதானத்தில் கண் கண்டது மட்டும் வரவேண்டும், அவதானத்தில் இல்லாத ஒன்றும் முடிவில் வரக்கூடாது என்பார்.

மற்ற மேசைகளில் குடலோடு மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்தது. மின்விசிறி நின்று கனநாள். அறை முழுவதும் நாற்றம். எங்கள் மேசையில் மட்டும் மஞ்சள் வாசம். நான் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றேன். டிலக்சி வெறும் வயிற்றுக்குள் இடுக்கியை விட்டு, முள்ளோடு ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினாள்.

"நிரோ, இஞ்சை பார். ஒண்டு இருக்கு."

முள்ளந்தண்டுக்குக் கீழே கருஞ்சிவப்பாக ஒரு கீற்று. எவ்வளவு கைதேர்ந்தவர் கழுவினாலும் முள்ளோடு ஒட்டிய அந்த இடத்தில் கொஞ்சம் மிஞ்சிவிடும். சமைக்கிறவர்கள் அதை இரத்தம் என்று நினைத்துச் சுரண்டுவார்கள். ரீச்சர் குனிந்து பார்த்தார்.

"சிறுநீரகம்தான். மற்ற மேசையிலை ஒருத்தரும் இதைக் காணேல்லை."

டிலக்சியின் முகம் மலர்ந்ததை அன்றைக்கு அந்த ஒரு முறைதான் பார்த்தேன். வந்ததிலிருந்து அவள் அரை உயிராகத்தான் இருந்தாள். நாங்கள் மீனைப் பார்த்துச் சிரித்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிக்கை எழுதக் கடதாசியும் இல்லாத காலம் அது. பழைய தவணைப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். நான் எழுதியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. தேவையான பொருட்கள்: மீன், மெழுகுத் தட்டு, கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி. உப்பு, மஞ்சள் (ஏற்கெனவே பூசப்பட்டவை). அவதானம்: மீன் மஞ்சள் நிறமானது. இந்நிறம் இம்மீனுக்குரியது அன்று. செதில்கள் அகற்றப்பட்டிருந்தன. செவுள்கள் அவதானிக்கப்படவில்லை. ஈரல், குடல், காற்றுப்பை என்பன அவதானிக்கப்படவில்லை. முள்ளந்தண்டின் கீழ்ப்புறமாகச் சிறுநீரகத்தின் ஒரு பகுதி அவதானிக்கப்பட்டது.

கோபத்தில் எழுதினேன். ரீச்சருக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு 'படவில்லை'யையும் அழுத்தி எழுதினேன்.

டிலக்சியின் படத்தில் மீன் முழுதாக இருந்தது, வயிறு வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் ஒரு புள்ளிகூட அவள் வைக்கவில்லை. அடியில் ஒரு கீற்று மட்டும், ஆயிரம் புள்ளியால் செய்தது போல.

மீனுக்கு என்ன நடந்தது என்று இன்று எவராவது கேட்டால் சொல்ல வாய் வருவதில்லை. இரண்டு பாடவேளை வெக்கைக்குள் கிடந்து, துருப்பிடித்த ஊசிகளால் குத்துப்பட்டு, அது ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. மற்ற மீன்களின் குடலோடு சேர்த்து ஆய்வுகூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி மூடினோம். மதிலில் இருந்த பூனைகள் எங்களை மன்னிக்கவில்லை.

முடிவை நீ எழுது

மறுநாள் வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கையளிக்க வேண்டும். டிலக்சி வகுப்பில் கீறிய படத்தைப் பழைய கலண்டர் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"முடிவை நீ எழுது, நிரோ. எனக்கு நேரமில்லை."

வெட்டும் கருவிகள் இருந்த பெட்டியையும் என் மேசையில் வைத்தாள். அது எங்கள் இருவருக்கும் பொது, ஆனால் அவள் வீட்டில்தான் இருக்கும். "தம்பி எடுத்து விளையாடுறான். உன்னட்டையே இருக்கட்டும்."

கடைசிப் பாடத்துக்கு முன்னமே புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "எங்கையடி போறாய் இவ்வளவு வெள்ளன?" என்று கேட்டேன்.  என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கடலுக்குப் போகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எங்கள் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விடயம் அது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவளிடம்தான் கேட்கிறேன் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கே முடிவை எழுதினேன்: இம்மாதிரியில் உள்ளுறுப்புகள் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தமையால், அவை பற்றி எதுவும் கூற முடியாது.

வெறும் கதிரை

ஞாயிறு பூசையில் டிலக்சி வீட்டார் இருக்கவில்லை. திங்கட்கிழமை அவள் கதிரை வெறுமையாக இருந்தது. செவ்வாயும் அப்படித்தான். வீட்டுப் படலையில் பூட்டுப் போட்டிருந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முற்றத்தில் கயிற்றில் ஒரு சின்னக் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. 

அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் இப்படிக் கதிரைகள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. எவரும் எவரையும் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும். களவாக வள்ளம் ஏறி அக்கரைக்குப் போகிறவர்கள் பிடிபட்டால் நீதிமன்றம், மறியல் சிறை என்று அலைய வேண்டும்.

புதன்கிழமை ரீச்சர் அறிக்கைகளைத் திருப்பித் தந்தார். எங்களுடையதைக் கடைசிவரை கையில் வைத்திருந்தார்.

"இந்த வகுப்பிலை ஒரு அறிக்கைதான் அறிக்கை," என்றார். "மற்றதெல்லாம் புத்தகத்திலை இருக்கிற மீன். செத்து நாறின மீனுக்குள்ளை புத்தகத்திலை இருக்கிற மாதிரி ஈரல் எப்பிடியடா வந்தது? டிலக்சியின்ரை படத்தை எல்லாரும் வந்து பாருங்கோ. டிலக்சி எங்கை?"

எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.

"காய்ச்சல், ரீச்சர்," என்றது ஒரு குரல். பொரிப்பதோ குழம்போ என்று கேட்டவன்தான்.

ரீச்சர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தாளை வெறும் கதிரைக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "சுகமாகி வரட்டும்," என்றார். அதன் பிறகு அன்றைய பாடத்தில் அவர் ஒருவரையும் ஏசவில்லை.

அம்மா சொன்னது

மஞ்சள் மீன் கதையை, செய்முறை நடந்த அந்த வியாழக்கிழமையே அம்மாவுக்குச் சொல்லிச் சிரித்திருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "எவ்வளவு பெரிய மீன்?" என்று மட்டும் கேட்டார். நான் கையை அகட்டிக் காட்டினேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரிசியை உலையில் போட்டார்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்து அழுதபோதுதான் வாய் திறந்தார்.

"அது வெட்டிப் பாக்கக் குடுத்த மீனில்லை, பிள்ளை. போயிட்டு வாறம் எண்டு வாயாலை சொல்லேலாது. அதுதான் மீனாக் குடுத்திருக்கிறா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்களும் அப்பிடித்தானே வெளிக்கிட்டனாங்கள். எங்கடை வீட்டுக் கோழியெல்லாத்தையும் உரிச்சுக் கழுவிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிட்டது. நாளும் இல்லை, பெருநாளும் இல்லை. அவையும் ஏன் எண்டு கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை. இருட்டின பிறகு வள்ளம் ஏறினது."

அம்மா சின்னப் பிள்ளையாகப் போய், அக்கரை அகதி முகாமில் வளர்ந்து, குமராகத் திரும்பி வந்தவர். அந்த வருடங்களைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. அங்கே படித்தது என்ன என்று கேட்டால், "வரிசையிலை நிக்கப் படிச்சனான்," என்பார். மண்ணெண்ணெய் வரிசையில் எங்கள் வீட்டிலிருந்து நின்றவர் அவர்தான், முணுமுணுக்காமல் நின்றார்.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று சண்டை பிடித்தேன்.

"சொன்னால் நீ என்ன செய்திருப்பாய்? ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிச்சு ஊரைக் கூட்டியிருப்பாய்."

உண்மைதான், அதைத்தான் செய்திருப்பேன். அம்மாமேல் எனக்கு இருந்த கோபம் ஆறக் கனநாள் பிடித்தது.

அம்மா சொன்னதை ரீச்சரிடம் சொன்னேன். ஆய்வுகூடத்தில் போத்தல்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடியும்வரை தவளைப் போத்தல் அவர் கையில் இருந்தது.

"எனக்குத் தந்த மீனோ?" என்றார். பிறகு, "அதைக் கொண்டுபோய்க் குழியிலை போட்டனாங்கள்," என்றார்.

 போத்தலை வைத்துவிட்டுப் பின் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மதிலும் பூனையும் குழி மூடிய மண்ணும்தான்.

ரீச்சர் கண்டது

சில மாதம் கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இலக்கத்தின் முன்பகுதி அக்கரையுடையது.

வள்ளக்காரர் இறக்கிவிட்ட மணல் திட்டையில் வெயிலுக்குள் நின்றதையும், பிறகு அந்தக் கரைக்குக் கொண்டுபோகப்பட்டதையும் டிலக்சி சுருக்கமாகச் சொன்னாள். தம்பிக்குக் காதுக்குள் தண்ணீர் போனதாம். அம்மா ஒரு நாளும் கடலைப் பார்த்து இருப்பதில்லையாம். எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

"ரீச்சர் எத்தினை புள்ளி தந்தவ?"

சொன்னேன். 

"முடிவு என்ன எழுதினனீ?"

அதையும் சொன்னேன். "சரிதான்," என்றாள். "வேறை என்னத்தை எழுதுறது."

அவர்கள் இருந்த முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலாமா என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். உயிரியல் படித்ததற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டுமாம். அவளிடம் ஒன்றும் இல்லை. புத்தகப் பையை வள்ளத்தில் ஏற்றவிடவில்லை, பாரம் என்று. அந்த அறிக்கையைப் படம் எடுத்து அனுப்புகிறாயா என்று கேட்டாள்.

முறைப்படி வேண்டியது பள்ளிக்கூடத்தை விடும்போது தரும் விடுகைப் பத்திரம். அதைத் தாயோ தகப்பனோ நேரில் வந்து கையெழுத்து வைத்துத்தான் பெறலாம். பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்தவர்கள் வேறு வழி இல்லை என்று சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு ரீச்சரிடம் போனேன். அவர் சிவப்புப் பேனையை எடுத்து, படத்துக்குக் கீழே எழுதினார்: இப்படத்தைக் கீறியவர் என் மாணவி. என் கண்முன்னால் கீறினார்.

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"ரீச்சர், உங்களுக்குப் பிரச்சினை வராதோ?"

"நான் கண்டதைத்தானே எழுதியிருக்கிறன்," என்றார்.

முற்றத்து வெயிலில் தாளை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தை ரீச்சரிடமே பத்திரமாகக் கொடுத்தேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. 

பதில் வந்தது பல நாள் கழித்து. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் படத்தைக் கையால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். நன்றாக வரைந்திருக்கிறாய் அம்மா என்றாராம். ஆனால் பத்திரம் இல்லாமல் நடு வருடத்தில் சேர்க்க முடியாது, அடுத்த வருடம் வா என்றாராம். அடுத்த வருடம் வந்தபோது அவள் அப்பாவுக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் போனது. வீட்டில் எவராவது உழைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் இருக்குது

நான் பரீட்சை எழுதினேன். கம்பசுக்குக் காணாத பெறுபேறு. இப்போது ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. நாள் முழுக்க அறிக்கைதான் எழுதுகிறேன். இரத்தம் குறைவாக வந்தால், அல்லது வெயிலில் வைத்துக் கொண்டுவந்தால், 'மாதிரி பொருத்தமற்றது, முடிவு கூற முடியாது' என்று தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வரியைத் தட்டும்போது மஞ்சள் வாசம் வருகிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் கழிவறைக்குள் போய் அழுதேன். இப்போது அழுவதில்லை.

யோகராணி ரீச்சர் மாற்றலாகி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார். போகும்போது படத்தின் மூலத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அது கருவிப் பெட்டிக்குள் மடிக்காமல் சுருட்டியபடி இருக்கிறது.

போன கிழமை டிலக்சியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவள் எழுதுவதில்லை, கை ஈரமாம். கரையில் மீன் வெட்டிக் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தமும், அந்தப் பக்கத்துப் பேச்சில் எவரோ அதட்டும் சத்தமும் கேட்டன. அவளுடைய பேச்சு மட்டும் மாறவில்லை.

"நிரோ, நான் இப்ப ஒவ்வொரு நாளும் மீன்தான் வெட்டுறன். எல்லாத்துக்குள்ளையும் எல்லாம் இருக்குதடி. ஈரல், குடல், காற்றுப்பை, சினை... ஒண்டும் குறையில்லை, புத்தகத்திலை இருக்கிற மாதிரியே. பாத்துப் பாத்து வாளிக்குள்ளை போடுறன். கீறத்தான் நேரமில்லை."

நடுவில் ஒரு தண்ணீர்ச் சத்தம். கத்தியைக் கழுவுகிறாள் போலிருந்தது.

"முள்ளோடை ஒட்டிக்கொண்டு கிடக்கிறதையும் சுரண்டச் சொல்லி மேஸ்திரி ஏசுறார். நான் எல்லா மீனிலையும் கொஞ்சம் விட்டிட்டுத்தான் அடுக்கிறன். ஆராவது ஒரு பிள்ளை வகுப்புக்குக் கொண்டுபோனால், அதுக்கு ஒண்டெண்டாலும் கிடைக்கட்டும்."